பழைய போர்தோவும் ஆச்சி வீட்டுக் கோலா உருண்டையும்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையிலிருந்து வேலைக்காகப் பிரான்சின் லியோன் நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் நான்கு பேர் அவ்வப்போது ஒரு வீட்டில் கூடி, பழைய ஒயினும் புது ஒயினும் திறந்து ஒப்பிட்டு ருசித்தபடி சாப்பிடுகிறார்கள். தை மாதம் அவர்கள் நம் ஊர் பார்க்க வருகிறார்கள். கானாடுகாத்தானில் உங்கள் ஐயா வீட்டில் அதே மாதிரி ஒரு விருந்து வைக்க ஆசைப்படுகிறீர்கள். நம் சமையலோடு ஒயின் ஒத்துப்போகுமா, எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம், எதை முதலில் திறப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

தாராளமாக ஒத்துப்போகும். ஒரே ஒரு கட்டுப்பாடு: பழைய பாட்டிலையும் காரத்தையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே பழையதைத் தனியாக ருசித்து முடித்துவிடுங்கள். இலை போட்ட பிறகு இளம் ஒயின் மட்டும் போதும்.

காரணம் இதுதான். இளம் சிவப்பு ஒயினில் பழவாசனை தூக்கலாக இருக்கும். நிறம் கத்தரிப்பூ ஊதா. நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் உண்டு. பதினைந்து இருபது ஆண்டு பாட்டிலில் கிடந்தால் அந்தத் துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கசண்டாக அடியில் தங்கிவிடும். அதனால்தான் பழைய ஒயினின் நிறம் வெளிறி ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வாசனையும் மாறிவிடும்: காய்ந்த இலை, காளான், தோல், புகையிலை. இவையெல்லாம் மெல்லிய வாசனைகள். ஒரு வாய் மிளகாய்ச் சாந்து போதும், அத்தனையும் காணாமல் போய்விடும். நண்பர்கள் பல வருடம் காத்து வைத்திருந்த பாட்டில் வெறும் புளித்த தண்ணீராகத் தெரியும். காரத்தோடு சேரும்போது ஆல்கஹாலும் துவர்ப்பும் எரிச்சலை இன்னும் கூட்டும். 14.5 சதவீத ஒயினைக் காரக்குழம்போடு கொடுத்தால் விருந்தாளிக்கு ஒயினும் போச்சு, குழம்பும் போச்சு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பழசு என்றாலே உசத்தி என்ற எண்ணத்தோடுதான் நம்மவர்கள் பலர் இங்கே வருகிறார்கள். உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிடத் தயாரிக்கப்படுவது. அதைப் பத்து வருடம் வைத்தால் பழமும் போய், உயிரும் போய், சப்பென்று ஆகிவிடும். கடையில் தூசி படிந்து நிற்கிற, பெயர் தெரியாத பழைய பாட்டிலை வாங்காதீர்கள். ஒப்பிட்டு ருசிக்க நல்ல வழி, ஒரே தோட்டத்தின் இரண்டு ஆண்டு விளைச்சலை எடுப்பது. பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவில் மெதோக் பக்கம் என்றால் 2005 அல்லது 2010 ஒன்று, 2019 ஒன்று. மண்ணும் கையும் ஒன்றாக இருப்பதால், காலம் என்ன செய்திருக்கிறது என்பது மட்டும் தனியாகத் தெரியும். 2013 அங்கே மோசமான விளைச்சல், அதை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டோடு கொடுக்க லியோனுக்குப் பக்கத்திலேயே விளைகிற பொஜொலே என்ற சிவப்பு ஒயின் இருக்கிறது. காமே என்ற வகைத் திராட்சை, துவர்ப்பு குறைவு, நம் கறிக்குத் தோதானது. வெள்ளையில் அல்சாஸ் ரீஸ்லிங், அதுவும் லேசான இனிப்பு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் லுவார் பக்கத்து வூவ்ரே, லேபிளில் தெமி-செக், அதாவது அரை இனிப்பு, என்று போட்டிருப்பது. கடைசிக்கு ஒரு சோதேர்ன், நன்றாகத் தித்திக்கிற வெள்ளை ஒயின், அரை பாட்டில்.

இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் இரண்டும் 375 மில்லி அரை பாட்டில் ஒன்றும் சேர்ந்தால் 1.875 லிட்டர், கணக்குக்குள் நிற்கும். மூன்றாவது முழு பாட்டிலை வைத்தால் 2.25 ஆகி, அதிகப்படிக்கு வரி கட்ட வேண்டும். அது லேசான தொகையல்ல. நீங்கள் ஐந்து பேர் என்பதால் பத்து முழு பாட்டில் வரை வரும். ஒரு விருந்துக்கு அதில் பாதியே ஏராளம். கைப்பெட்டியில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் மூடி, பெரிய பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் துணி வைத்து அடுக்குங்கள்.

ஒயின் கெடுவது பெரும்பாலும் விமானத்தில் அல்ல, திருச்சியில் இறங்கிய பிறகுதான். கார் டிக்கியில் போட்டு, வழியில் வெயிலில் நிறுத்திச் சாப்பிடப் போனால் அதோடு தீர்ந்தது. பெட்டி ஏசி ஓடுகிற பக்கம், காலடியில் இருக்கட்டும். வெந்துபோன பாட்டிலில் கார்க் மேலே தள்ளியிருக்கும், உறைக்குக் கீழே பிசுபிசுக்கும், வாசனை கொதித்த ஜாம் போல் அடிக்கும். நம் வீடுகளின் கனமான சுவரும் ஆத்தங்குடித் தரையும் குளுமைதான், ஆனால் ஒயின் கேட்பது 12 முதல் 14 டிகிரி. தையில்கூடப் பகலில் அது நம் ஊரில் கிடைக்காது. சில நாளைக்குச் சாதாரண ஃபிரிட்ஜ் போதும். கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடுகிற ஆட்டத்தில் கசண்டு கலங்கிக்கொண்டே இருக்கும். பழைய பாட்டிலை நட்டமாக நிறுத்துங்கள். பயணத்தில் கலங்கியது அடங்க ஐந்தாறு நாளாவது வேண்டும், ஆகவே ஊருக்குப் போன மறுநாளே விருந்து வைக்காதீர்கள்.

ஐயாவிடமும் ஆச்சியிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னோருக்குச் செய்கிற படைப்பு, கல்யாணம் நடக்கிற நாளை ஒட்டி வேண்டவே வேண்டாம். சாமி அறையை ஒட்டிய வளவிலும், அதாவது உள்முற்றத்திலும், வேண்டாம். மேல்மாடி சரியான இடம். அன்று மாலை அங்கே ஊதுபத்தியோ சாம்பிராணியோ போட்டால் பழைய ஒயினின் வாசனை அதில் அமுங்கிப்போகும். மல்லிகைச் சரமும் அப்படியே. தாளிக்கிற நெடி மேலே ஏறாமல், சமையல் வீட்டின் பின்பக்கம், இரண்டாங்கட்டுக்கு அப்பாலேயே நடக்கட்டும். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் நிறமும் தெரியாது, வாசனையும் தங்காது. வாய் குறுகிய காம்புள்ள கண்ணாடி ஆளுக்கு இரண்டு வேண்டும், சோப்பு வாசனை போக வெந்நீரில் அலசி. வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தால் ஓரத்து நிறம் பளிச்சென்று தெரியும்.

பழைய பாட்டிலைத் திறக்கும்போது அவசரம் கூடாது. கார்க் மக்கியிருக்கும், சாதாரணத் திருகி உள்ளே பொடித்துவிடும். இரண்டு தகடு உள்ள கார்க் எடுப்பானை இங்கிருந்தே வாங்கிப்போங்கள்: தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாறி மாறி அழுத்தி இறக்கி, முறுக்கிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். பிறகு, கசண்டு இருக்கும் பக்கம் அசையாதபடி பாட்டிலைச் சாய்த்து, கண்ணாடி ஜக்கில் ஒரே இழையாக ஊற்றுங்கள். கழுத்துக்குக் கீழே செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டால், கசண்டு கறுப்பு நூல் மாதிரி கழுத்தை நோக்கி ஊர்ந்து வருவது தெரியும். அந்த நொடியில் நிறுத்துங்கள். அடியில் 50 மில்லி போனால் போகட்டும், கலந்தால் முழுவதும் கசக்கும். முதல் வாசனையை நீங்களே பாருங்கள். ஈர அட்டைப்பெட்டி நெடி அடித்தால் கார்க்கினால் கெட்டது, காற்றாட வைத்தாலும் தேறாது. அடுத்த பாட்டிலுக்குப் போங்கள். லேசான மக்கல் வாசனை மட்டும் என்றால் சில நிமிடத்தில் விலகிவிடும். ஊற்றிய அரை மணிக்குள் குடித்துவிட வேண்டும், அதற்கு மேல் வாசனை கரையத் தொடங்கும்.

2019 பாட்டிலை இதற்கு நேர்மாறாக நடத்துங்கள். இரண்டு மணி நேரம் முன்பே ஜக்கில் ஊற்றிக் காற்றாட விட்டால்தான் துவர்ப்பு இளகும். ஃபிரிட்ஜிலிருந்து வந்த சிவப்பு 16, 17 டிகிரியில் கிளாஸுக்கு வரட்டும். 28 டிகிரிக்கு ஏறிவிட்டால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் வையுங்கள். வெறும் ஐஸ்கட்டி பாட்டிலோடு ஒட்டாது, அதனால் தண்ணீர் அவசியம். ஆளுக்கு 60, 70 மில்லி போதும். புதியதையும் பழையதையும் அருகருகே வைத்து, இரண்டையும் முதலில் மூக்கில் பாருங்கள், வாயில் பழையதை முதலில். புதியதன் துவர்ப்பு முந்திக்கொண்டால் பழையது எடுபடாது. வழக்கமாக இளையதிலிருந்து மூத்ததற்குப் போவார்கள், நண்பர்கள் அதைச் சொல்லக்கூடும். இத்தனை வயது வித்தியாசத்தில் நான் மாற்றித்தான் செய்வேன்.

இதோடு கொறிக்க, சட்னி இல்லாமல் வெள்ளைப் பணியாரம். கறி வேண்டுமென்றால் உப்புக்கறி, ஆனால் அரைக் கிலோவுக்கு விதை நீக்கிய வரமிளகாய் மூன்றுக்கு மேல் வேண்டாம். பூண்டும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயில் வதங்கிய கறியின் கொழுப்பு, 2019-இன் துவர்ப்பைத் தணித்துவிடும்.

பிறகு இலை. ஆச்சி கோலா உருண்டைக்கு மசாலாவைக் குறைக்க வேண்டியதில்லை. 13 டிகிரிக்குக் குளிர்ந்த பொஜொலே அதைத் தாங்கும். நண்டு மசாலா, மிளகுக் கோழி, புளி ஊற்றிய மீன் குழம்பு இவற்றுக்கெல்லாம் இனிப்புள்ள ரீஸ்லிங், 8 டிகிரியில். அதன் புளிப்பு குழம்பின் புளிக்கு ஈடுகொடுக்கும், இனிப்பு காரத்தை அடக்கும். ஊறுகாயோடும் தயிர்ச்சாதத்தோடும் எதுவும் ஊற்றாதீர்கள். கடைசியில் வருகிற கவுனி அரிசி இனிப்புக்குச் சோதேர்ன் பிரமாதம். பண்டம் ஒயினைவிடத் தித்தித்தால் ஒயின் புளிக்கும், அதனால் வழக்கமான சர்க்கரையில் பாதி போடச் சொல்லுங்கள்.

ருசித்துத் துப்புவது அவர்களிடையே மரியாதைக் குறைவு இல்லை. ஒரு சொம்பு வையுங்கள். குடிக்காதவர்களுக்கு நன்னாரி சர்பத் கொடுங்கள், யாரும் வற்புறுத்த வேண்டாம். காரைக்குடியில் அறை எடுத்திருந்தால் வண்டிக்கு டிரைவர் சொல்லிவிடுங்கள். நம் நாட்டு வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், பிரான்சின் 50-ஐ விடக் குறைவு, நண்பர்களுக்கு அது தெரிந்திருக்காது. மிஞ்சிய பொஜொலேயையும் ரீஸ்லிங்கையும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், சோதேர்ன் ஒரு வாரம். பழையதை மட்டும் அன்றிரவே முடித்துவிடுங்கள்.