மனம் கலங்கிப் போகாது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்

எனக்கு வயது 41. ஒரு வருடமாக எதை நினைத்தாலும் பயம். கல்லூரிக்குப் போன மகன் பத்து நிமிடம் தாமதித்தால் விபத்து என்றே தோன்றுகிறது. உடனே போன் செய்கிறேன். படபடப்பு, கழுத்து வலி, வயிற்றுப் புரட்டல், தலை இறுக்கம், தூக்கமின்மை. இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். மருந்துக் கடையில் வாங்கிய அல்பிரசோலத்தை ஐந்து மாதமாகப் போடுகிறேன். 0.25 மி.கி.யில் ஆரம்பித்தது, இப்போது 0.5 மி.கி. மாத்திரை இரண்டு. விட்டால் கை நடுங்குகிறது. கணவருக்குத் தெரியாது. இணையத்தில் மூளைக் கட்டி, நரம்புத் தளர்ச்சி என்று போட்டிருக்கிறார்கள். என் சித்தி தனக்குத் தானே பேசிக்கொண்டு பல வருடம் இருந்து இறந்தார். எனக்கும் அப்படி ஆகிவிடுமா?

- வாசகி, ஈரோடு

ஆகாது. பதற்ற நோய் முற்றி மனச்சிதைவாக மாறுவதில்லை. இரண்டும் வெவ்வேறு நோய்கள். மனச்சிதைவில் இல்லாத குரல்கள் கேட்கும், நடக்காத ஒன்றை நடந்ததாகவே மனம் நம்பும். மகன் பத்திரமாகத்தான் இருப்பான் என்று உங்களுக்குத் தெரிகிறது. தெரிந்தும் பயத்தை அடக்க முடியவில்லை. பதற்ற நோயின் இயல்பே அதுதான். சித்தியை நினைத்து மனநல மருத்துவரிடம் போகாமல் இருந்தீர்கள் என்று கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அந்தத் தயக்கம் உங்களை மருந்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறது. என் கவலை அதைப் பற்றித்தான்.

உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டிய வரி, ‘விட்டால் கை நடுங்குகிறது’ என்பது. அல்பிரசோலம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றத்தை அடக்கும். தினமும் போட்டால் சில வாரங்களிலேயே மூளை அதற்குப் பழகிவிடுகிறது. அதே அமைதிக்கு அளவு கூட வேண்டியிருக்கிறது. உடலிலிருந்து சீக்கிரம் கழிந்துவிடும் மருந்து என்பதால், ஒரு வேளை தவறினாலே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, முன்பைவிட மோசமான பதற்றம் எல்லாம் வரும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து இன்னொன்று போடுவீர்கள். இப்படித்தான் ஒன்று நான்காகிறது.

இதைப் படித்துப் பயந்து, இன்றிரவே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஐந்து மாதம் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் உங்கள் அளவைச் சிறிது சிறிதாக, பல வாரங்களில் குறைப்பார். தேவைப்பட்டால் உடலில் நீண்ட நேரம் தங்கும் வேறொரு மருந்துக்கு மாற்றிக் குறைப்பார். அதுவரை இப்போதைய அளவைத் தாண்டாதீர்கள். வலிக்கு டிரமடால், இருமலுக்குக் கோடீன் கலந்த சிரப் என்று எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள்; அல்பிரசோலத்தோடு சேர்ந்தால் இவை மூச்சை அடக்கிவிடும். மாத்திரை தவறிய நாட்களில் வலிப்போ, மனக் குழப்பமோ, இல்லாத உருவம் தெரிவதோ நேர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை போடுகிறவருக்காக யார் அழைப்பார்கள்? கணவரிடம் இன்றே சொல்லுங்கள்.

சீட்டில்லாமல் இதை விற்றவர் மீது எனக்குக் கோபம் உண்டு. அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு விற்றார்கள் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இதுதான் சட்டம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளைக் கட்டிக்கான அடையாளம் எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. கழுத்தும் தோளும் நாள் முழுக்க விறைத்திருந்தால் தலை இறுகத்தான் செய்யும். எக்கோவை இன்னொரு முறை எடுக்க வேண்டாம். நரம்புத் தளர்ச்சிக்கு என்று சத்து ஊசி போடுகிற இடங்களுக்குப் போய்ப் பணத்தைத் தொலைக்காதீர்கள். ரத்தசோகை பார்க்கவில்லை என்றால் அந்த ஒரு பரிசோதனை போதும். காபியையும் டீயையும் குறையுங்கள்.

உங்களுக்கு இருப்பது பொதுப் பதற்றக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றி அடக்க முடியாத கவலை. அதோடு நிலைகொள்ளாமை, களைப்பு, கவனச் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கெடுதல் ஆகிய ஆறில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஸ்கேனில் தெரியாத நோய் இது, பேசித்தான் கண்டுபிடிக்கிறோம். ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் பட்டியலைத் தருவார்கள். மொத்தம் 21 மதிப்பெண்; 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். அதை நீங்களே இணையத்தில் நிரப்பித் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சை இரண்டு வகை. தனியாகவோ சேர்த்தோ தருவோம். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை மெதுவாக வேலை செய்யும் மருந்துகள். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் சற்றுக் கூடுதல் படபடப்பும் வரலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். அல்பிரசோலம் போல அளவு ஏறிக்கொண்டே போகாது. என்றாலும் நிறுத்தும்போது இதையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. வாரம் ஒரு முறை, ஏறக்குறைய மூன்று நான்கு மாதம். மகனுக்கு நீங்கள் செய்யும் அந்த போனை இதில்தான் கையில் எடுப்பார்கள். அவன் குரலைக் கேட்டதும் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே அடுத்த பயத்துக்கு, ‘போன் செய்தால்தான் தீரும்’ என்று கற்றுக்கொடுக்கிறது. இணையத்தில் நோயைத் தேடுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி என்று போனைத் தள்ளிப்போடப் பழக்குவார்கள். அஞ்சியது நடந்ததா என்று நோட்டில் எழுத வைப்பார்கள்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், குறிப்பாக வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையைக் கொண்டு போங்கள். எத்தனை போடுகிறீர்கள் என்பதைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்; உங்களுக்கான குறைப்புக் கணக்கை அந்த எண்ணிலிருந்துதான் அவர் தொடங்குவார்.