குடித்துவிட்டு அடிக்கும் அப்பா இருக்கும் வீட்டுக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போய்வருவது எப்படி?

திருநெல்வேலியில் அடி வாங்கி வளர்ந்த வீடு, இப்போது சென்னையில் வேலை, உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை, போனால் பத்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்குள் எத்தனை மணி நேரம் இருப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ரயிலில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். அது கையில் இல்லையென்றால் "ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்பதற்குப் பதில் இருக்காது. (கடைசி நேரத்தில் ஆம்னி பஸ் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. உத்திரச் சமயத்தில் அந்தக் கொள்ளையைக் கேட்க ஆளில்லை.) ராத்திரி தங்கல் அத்தை வீட்டிலோ ஜங்ஷன் லாட்ஜிலோ இருக்கட்டும். சண்டை பெரும்பாலும் ராத்திரிச் சோற்றுத் தட்டில்தான் தொடங்கும். காலையில் போய், பொங்கல் விட்டு, விளக்கு வைக்கும் முன் கிளம்பிவிடலாம்.

வாசலில் பைக் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் தோள் இறுகும், மூச்சு நெஞ்சோடு நிற்கும். இது கோழைத்தனம் இல்லை. அந்தச் சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணித்துப் பழகிய உடம்பு. பாதத்தைத் தரையில் அழுத்தி, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீண்டால் படபடப்பு இறங்கும். ஊரில் போய் முதன்முதலாகச் செய்தால் வராது. இப்போதிருந்தே தினமும் பழகுங்கள்.

சாமி முன்னால் அப்பாவிடம் சத்தியம் வாங்கி, அன்றே குடியை நிறுத்த வைக்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டித்தான் நிறுத்த வேண்டும். கூட்டிப் போவது உங்கள் ஒருவர் தலையில்தான் விழ வேண்டும் என்றும் இல்லை.

"பெத்த தகப்பன்ட்ட என்னல வைராக்கியம்?" என்று சித்தப்பா கேட்பார். "பாப்போம் சித்தப்பா" போதும். விளக்கம் சொன்னால் பஞ்சாயத்தாகிவிடும். இப்படி எழுதியதற்குக் குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்று என்னை ஏசுவார்கள், ஏசட்டும். மன்னிப்பதும் மன்னிக்காததும் அடி வாங்கியவர் பாடு.

தூக்கமும் வேலையும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மனஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதினால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. நாலாம் நாளே "கேக்கல" என்று விடுவதும், தெம்பு வந்ததும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும்தான் காரியத்தைக் கெடுக்கும். இன்னொன்று, இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு 'கவுன்சிலிங்' போர்டு மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவெண் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் ஃபீஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.