கீமோ தரும் நரம்புப் பாதிப்பை அளப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை வாரந்தோறும் ஏற்றுகிறார்கள். 7 வாரம் முடிந்துவிட்டது. வீட்டில் விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறது என்கிறார், டாக்டரிடம் போனால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறார். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும், ஐயா?

பதில்: இப்படி மறைப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்ற பயம் அவர்கள் வாயைக் கட்டிவிடுகிறது. ஆனால் இந்தப் பாதிப்பைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. நோயாளியின் வாய்ச்சொல்தான் எங்களுக்கு முதல் அளவுகோல். ஆகவே "மரத்திருக்கிறதா?" என்று கேட்காமல், வேலையை வைத்துக் கேளுங்கள். ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடிகிறதா, கீழே விழுந்த சில்லறையை எடுக்க முடிகிறதா, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க முடிகிறதா, செருப்பு கழன்றது காலுக்குத் தெரிகிறதா, இரவில் கழிப்பறைக்குப் போகும்போது சுவரைப் பிடிக்கிறாரா என்று பார்த்து, தேதியுடன் எழுதி, அடுத்த ஊசி ஏற்றுவதற்கு முன்பே மருத்துவர் கையில் கொடுங்கள்.

பூக்கட்டும் தொழில் செய்த ஓர் அம்மாள் என்னிடம் மூன்று முறை "ஒன்றுமில்லை" என்றார். நான்காம் முறை நாரும் கொஞ்சம் மல்லிகையும் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டச் சொன்னேன். முடிச்சு விழவே இல்லை. பூவெல்லாம் மடியில் உதிர்ந்தது. அதுவரை கண்ணால் பார்த்துப் பார்த்துக் கட்டியதால், விரல் எவ்வளவு இழந்திருக்கிறது என்பது அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

கேள்வி: எனக்கு நரம்பு மின்கடத்தல் பரிசோதனை செய்தார்கள், எல்லாம் சரி என்று வந்தது. ஆனால் உள்ளங்கால் தீயாய் எரிகிறது. இது மனப்பிரமையா?

பதில்: இல்லை. அந்தப் பரிசோதனை தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. எரிச்சலையும் சூடு குளிரையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் அதன் கண்ணில் படுவதில்லை. அவற்றை அறிய, சூடு குளிர் உணர்வை அளக்கும் கருவியோ, தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதோ தேவைப்படும்.

பெரும்பாலோருக்கு எளிய கருவிகளே போதும். தட்டினால் அதிரும் கவை வடிவ உலோகக் கருவியான 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லும்படி கேட்பேன். நீங்கள் "நின்றுவிட்டது" என்று சொன்ன பிறகும் என் விரலுக்கு அந்த அதிர்வு தெரிந்தால், அங்கே உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும், கணுக்கால் அனிச்சையைத் தட்டிப் பார்ப்பதும், கால்களைச் சேர்த்துக் கண்மூடி நிற்கச் சொல்வதும் வலியில்லாத சோதனைகள். ஈ.ஓ.ஆர்.டி.சி. என்ற ஐரோப்பிய ஆய்வமைப்பின் 20 கேள்விப் படிவமும் உண்டு; ஒவ்வொரு சுற்றிலும் அதை நிரப்பினால் மாற்றம் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: அறிக்கையில் "தரம் 2" என்று எழுதியிருக்கிறார்கள். ஆபத்தா?

பதில்: நரம்புப் பாதிப்பு எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லும் எண் அது. சமையல், கடைக்குப் போவது போன்ற வேலைகள் தடைப்பட்டால் 2, குளிப்பது, உடுத்துவது, உண்பது தடைப்பட்டால் 3. மருந்தைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா என்பதை முடிவெடுக்க இந்த எண்ணைப் பயன்படுத்துகிறோம். ஒரே நோயாளிக்கு இரு மருத்துவர்கள் வெவ்வேறு தரம் போடுவதும் உண்டு என்பதால், எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எந்த வேலை நின்றுபோயிற்று என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் குடல் புற்றுநோய்க்காக ஆக்சாலிபிளாட்டின் கொடுத்தார்கள். நிறுத்தி 2 மாதமாகியும் மதமதப்பு கூடிக்கொண்டே போகிறது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: பிளாட்டின வகை மருந்துகளில் இப்படி நடப்பது தெரிந்த விஷயம். தண்டுவடத்தை ஒட்டிய உணர்வு நரம்பு முடிச்சுகளை இவை தாக்குவதால், நிறுத்திய பிறகும் சில மாதங்கள் பாதிப்பு ஏறலாம். அதனால்தான் கடைசி ஊசியோடு அளப்பதை நிறுத்தக்கூடாது என்று வற்புறுத்துகிறேன். ஊசி போட்ட நாட்களில் குளிர்ந்த நீர் பட்டதும் விரல் கூசுவதும் தொண்டை இறுகுவதும் வேறு. அவை பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். இந்த மருந்தை 6 மாதத்துக்குப் பதிலாக 3 மாதம் மட்டும் கொடுத்தால் நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்பது 2018இல் வெளியான பெரிய கூட்டாய்வில் தெளிவானது. எல்லோருக்கும் அது பொருந்தாது. நோயின் நிலையைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு 12 வருடமாகச் சர்க்கரை. கீமோ இனிமேல்தான் தொடங்கப் போகிறது. முன்கூட்டி என்ன செய்யலாம்?

பதில்: முதல் ஊசிக்கு முன்பே உங்கள் கால்களைச் சோதித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், எது சர்க்கரையால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையக்கூடும் என்பதால் அதையும் பாருங்கள். நரம்புக்கு நல்லது என்று கடையில் பி6 மாத்திரையை அளவின்றி வாங்கி விழுங்காதீர்கள்; அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கேள்வி: என் 5 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய், வின்கிரிஸ்டின் போடுகிறார்கள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லையே?

பதில்: குழந்தையின் நடையைப் பாருங்கள், அம்மா. குதிகாலால் மட்டும் நடக்கச் சொல்லி விளையாட்டுக் காட்டுங்கள். முன்பாதம் தூக்காமல் தரையில் தட்டினாலும், படியில் அடிக்கடி தடுக்கினாலும் உடனே தெரிவியுங்கள். மலச்சிக்கலும் தாடை வலியும்கூட இந்த மருந்தின் நரம்புப் பாதிப்புதான். வயிறு உப்பி, மலம் போகாமல் வலித்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள்.