காலித் பின் வலீத் அளவுக்கு அபூஉபைதா ஏன் பேசப்படுவதில்லை?

கேள்வி: சிரியாவை (ஷாம்) வென்ற முஸ்லிம் படையின் தலைமைத் தளபதி அபூஉபைதா. ஆனால் அதே படையின் இன்னொரு தளபதியான காலித் பின் வலீதைத்தான் எல்லோருக்கும் தெரிகிறது. அபூஉபைதா எப்படிப்பட்டவர்?

நியாயமான கேள்விதான். காலிதின் வாழ்க்கையில் வாள் வீச்சு இருக்கிறது, திடீர்த் திருப்பங்கள் இருக்கின்றன. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சொன்னால் கூட்டம் அசையாமல் கேட்கும். அபூஉபைதா பின் அல்ஜர்ராஹின் கதையில் முக்கால்வாசி இடங்களில் அவர் எதையாவது வேண்டாம் என்கிறார், இல்லையென்றால் யாருக்காவது விட்டுக்கொடுக்கிறார். மேடையில் இது எடுபடாது. எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். (நபித்தோழர்களின் பெயர் வரும் இடமெல்லாம் ரலி (அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக) என்று நீங்களே சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.)

மக்காவின் குறைஷிக் குலத்தவர். அபூபக்ர் மூலம் மிக ஆரம்பத்திலேயே இஸ்லாத்தை ஏற்றவர். சுவர்க்கவாசி என்று நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். 625இல் உஹதுப் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தலைக்கவச வளையங்கள் இரண்டு கன்னத்தில் ஆழமாகக் குத்தி நின்றுவிட்டன. அவற்றைப் பல்லால் கடித்து இழுத்ததில் இவருடைய முன்பற்கள் இரண்டும் போயின. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் நம்பிக்கையான ஓர் ஆளைத் தங்களோடு அனுப்பும்படி கேட்டபோது நபிகளார் அனுப்பியதும் இவரைத்தான். ‘இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர்’ என்ற பெயர் அப்போதிலிருந்து நிலைத்துவிட்டது. பத்ர் போரில் எதிரணியில் நின்ற தன் தந்தையையே கொன்றார் என்றும் சிலர் சொல்வார்கள். அவருடைய தந்தை அதற்கு வெகுமுன்பே இறந்துவிட்டார் என்று பழைய வரலாற்றாசிரியர்களிலேயே மறுத்தவர்கள் உண்டு. அதனால் நான் அதைச் சொல்வதில்லை.

ஹதீஸ் நூல்களில் இவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது கடற்கரைப் படைப் பயணம். சுமார் முந்நூறு பேர். கொண்டுபோன பேரீச்சம்பழம் தீர்ந்துகொண்டே வர, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்று பங்கிட்டார். அதைச் சப்பிக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள். அதுவும் தீர்ந்த பிறகு இலைதழைகளைத் தின்றார்கள். அப்போது ஒரு பெரிய திமிங்கலம் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. பசித்த படை பார்த்துக்கொண்டு நிற்க, அபூஉபைதா முதலில் சொன்னது: இது செத்த பிராணி (தானாகச் செத்ததை உண்பது மார்க்கத்தில் தடை). கொஞ்சம் யோசித்துவிட்டு, நாம் நிர்ப்பந்தத்தில் இருக்கிறோம், சாப்பிடுங்கள் என்றார். பிறகென்ன, வாரக்கணக்கில் சாப்பிட்டார்கள். அதன் விலா எலும்பை நட்டு, அடியில் ஒட்டகத்தை ஓட்டிப் பார்த்தார்களாம். நான் நிற்பது அந்த எலும்பில் அல்ல, அந்த ஒரு கண யோசனையில். அந்தப் பசியிலும் மார்க்கச் சட்டம்தான் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

சரி, காலித் விஷயத்துக்கு வருவோம். 634இல் உமர் கலீஃபா (முஸ்லிம்களின் ஆட்சித் தலைவர்) ஆனதும், ஷாமில் தலைமை காலிதிடமிருந்து அபூஉபைதாவுக்கு மாற்றப்பட்டது. உத்தரவு டமாஸ்கஸ் முற்றுகையின்போது வந்ததா, யர்மூக் களத்திலா என்பதில் பழைய நூல்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் கடிதம் கைக்கு வந்தும் சண்டை முடியும்வரை அபூஉபைதா அதை வெளியில் சொல்லவில்லை என்பார்கள். அதற்குப் பிறகும் காலிதை ஓரங்கட்டவில்லை, குதிரைப்படையை அவரிடமே விட்டுவைத்தார். யர்மூக்கில் (636) பைசாந்தியப் படை சிதறியதில் காலிதின் திறமைக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் அவருக்குப் போனதில் தவறே இல்லை.

அதே யர்மூக்குக்குச் சற்று முன்னால் நடந்த ஒன்றைத்தான் இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும். பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸின் பெரும்படை வருகிறது என்று தெரிந்து, வென்ற ஊர்களை விட்டு முஸ்லிம்கள் பின்வாங்க வேண்டியிருந்தது. சிரியாவின் ஹிம்ஸ் போன்ற ஊர்களில் வசூலித்திருந்த வரி அப்படியே மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. உங்களைப் பாதுகாப்பதற்காக வாங்கியது, இப்போது எங்களால் பாதுகாக்க முடியாது, ஆகவே இது எங்களுக்கு ஆகாது என்பது காரணம். வரலாற்றாசிரியர் பலாதுரீயும் சட்ட அறிஞர் அபூயூசுஃபும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தோற்று ஓட வேண்டி வரலாம் என்ற நிலையில், கையில் இருக்கும் காசைத் திருப்பிக் கொடுக்கும் படையை வேறு எங்கே பார்க்க முடியும்?

அப்புறம் கொள்ளைநோய். 639, ஹிஜ்ரி 18. பாலஸ்தீனத்தின் அம்வாஸ் ஊரின் பெயரால் அறியப்படும் நோய் அது. ஷாமுக்குப் புறப்பட்ட உமர், ஸர்க் என்ற இடத்தில் செய்தி கேட்டுத் திரும்ப முடிவெடுத்தார். அபூஉபைதா நேருக்கு நேர் கேட்டார்: “அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?” உமர் சொன்னார்: “இதை வேறு யாராவது கேட்டிருக்கக் கூடாதா, அபூஉபைதாவே! ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதியை நோக்கியே ஓடுகிறோம்.” பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து தப்பி ஓடாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார். கொரோனா காலத்தில் நாமெல்லாம் பகிர்ந்துகொண்டது இதைத்தான்.

உமர் மதீனாவுக்குத் திரும்பினார், அபூஉபைதா படையிடம் போனார். பிறகு ஒரு கடிதம் வந்தது: உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது, உடனே கிளம்பி வாருங்கள். தன்னைக் காப்பாற்றத்தான் கூப்பிடுகிறார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நான் முஸ்லிம்களின் படையோடு இருக்கிறேன், இவர்களை விட்டு எனக்கு மட்டும் தப்பிக்க மனமில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று பதில் எழுதினார். அதைப் படித்து உமர் அழுதபோது, அபூஉபைதா இறந்துவிட்டாரா என்று அருகிலிருந்தவர்கள் கேட்டார்கள். இல்லை, இறந்தது போலத்தான் என்றார். படையை மேடான இடத்துக்கு மாற்றும்படி உமர் மறுபடி எழுதினார். ஆனால் அந்த நோயில் அபூஉபைதா இறந்துபோனார். ஜோர்டான் பள்ளத்தாக்கில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் பின் ஜபலும் அதே நோயில் போனார், அடுத்து வந்த யஸீத் பின் அபீஸுஃப்யானும் போனார். யஸீதின் தம்பி முஆவியா கைக்கு டமாஸ்கஸ் வந்தது இப்படித்தான். இருபது சொச்சம் வருடங்களில் முஆவியாவின் குலமான உமய்யாக்களின் ஆட்சி அங்கிருந்துதான் எழுந்தது. 644இல் கத்திக்குத்துப் பட்டுக் கிடந்த உமரிடம் அடுத்த கலீஃபா யார் என்று கேட்டபோது, அபூஉபைதா உயிரோடு இருந்திருந்தால் அவரையே நியமித்திருப்பேன் என்று சொன்னதாக வரலாறு சொல்கிறது.