எக்செல்லில் தினக்கணக்கை வாரக்கணக்காகக் கூட்டுவது எப்படி?

தேதி ஒரு காலத்திலும் (மேலிருந்து கீழாக இறங்கும் கட்டங்களின் வரிசை) அன்றைய எண்ணிக்கை அடுத்த காலத்திலும் இருக்கிறது, அதை வாரம் வாரமாகக் கூட்ட வீக்நம் (ஒரு தேதி வருடத்தின் எத்தனையாவது வாரம் என்று சொல்லும் ஃபார்முலா) போட்டு வார எண் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வாரத்துக்கு எண் கொடுக்காமல், அந்த வாரம் தொடங்கும் தேதியையே அதற்கு அடையாளமாக வையுங்கள்.

என் அத்தை இட்லி மாவு அரைத்து விற்கிறார். பாக்கெட் போட இரண்டு அக்காக்கள் வருகிறார்கள். பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி; சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். நோட்டில் இருந்த கணக்கை 2024 ஜூன் முதல் நான் எக்செல்லில் போடத் தொடங்கினேன். வீக்நம்மில் வார எண், சம்இஃப்பில் கூட்டல். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. 2025 ஜனவரி 4, சனிக்கிழமை, கூலியை எண்ணிப் பார்த்த ஓர் அக்கா, "தம்பி, ஞாயிறு திங்கள் செவ்வாய் மூணு நாள் போட்டது இதுல வரலையே" என்றார்.

அவர் சொன்னது சரி. ஜனவரி 1 வந்ததும் வீக்நம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். டிசம்பர் 29 ஞாயிறு முதல் 31 வரை 53-ஆம் வாரம், புதன்கிழமை முதல் 1-ஆம் வாரம் என்று ஒரே வாரம் இரண்டாக உடைந்துவிட்டது. நான் 1-ஐ மட்டும் பார்த்துக் கூலி கொடுத்திருக்கிறேன். வார எண் சொல்லும் இன்னொரு ஃபார்முலாவான ஐஎஸ்ஓவீக்நம் வாரத்தை இப்படி உடைக்காது. ஆனால் அடுத்த வருடமும் அதே 1, 2, 3 தான் வரும். வெறும் எண்ணை வைத்துக் கூட்டினால் இரண்டு வருடத்துக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

அன்றைக்கு மாற்றியதைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். (ஃபார்முலாக்களைத் தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) ஏ காலத்தில் தேதி, பி-யில் பாக்கெட் எண்ணிக்கை. டி2-வில் முதல் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை:

=இன்ட்(ஏ2)-வீக்டே(ஏ2)+1

இன்ட் என்பது தேதியோடு நேரம் ஒட்டியிருந்தால் அதை நீக்கிவிடும். வீக்டே என்பது ஞாயிறை 1 என்றும் சனியை 7 என்றும் சொல்லும். 2025 ஜனவரி 1 புதன், அதாவது 4. அந்தத் தேதியிலிருந்து 4 நாள் பின்னால் போய் ஒரு நாள் முன்னால் வந்தால் டிசம்பர் 29, ஞாயிறு. வருடம் மாறுவது இதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் எண்தான். ஜனவரி 1 என்பது உள்ளே 45658. கட்டத்தில் 45655 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஃபார்மேட்டை டேட் என்று மாற்றினால் போதும். உங்கள் வாரம் திங்களில் தொடங்கினால் வீக்டே(ஏ2,2) என்று போடுங்கள்.

டி3-இல் =டி2+7 போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். அப்புறம் ஈ2-வில்:

=சம்இஃப்ஸ்(பி:பி,ஏ:ஏ,">="&டி2,ஏ:ஏ,"<"&டி2+7)

டி2-வில் உள்ள ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறுக்கு முன்பு வரையிலான பாக்கெட்டுகளை இது கூட்டும். இதையும் கீழே இழுத்தால் வேலை முடிந்தது. கடை மூடிய வாரத்துக்கு 0 என்று வரும், வாரம் விட்டுப்போகாது. கடைசிப் பகுதியில் "<=" போட்டு 6 கூட்டினாலும் ஆகாதா என்று தோன்றலாம். தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால் ஆகாது. கூகுள் ஃபார்ம் வழியாக வரும் தேதிகள் அப்படித்தான் இருக்கும். சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பதிந்தது அந்தச் சனிக்கிழமையின் நள்ளிரவு 12 மணியைத் தாண்டிய எண் என்பதால் கணக்கில் வராமல் போய்விடும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விடாதீர்கள். தேதி உண்மையிலேயே தேதியாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்கில் இருந்தால் 13/01/2025 என்று அடித்தது வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கும், 05/01/2025 சத்தமில்லாமல் மே 1 ஆகிவிடும். இடது பக்கம் நிற்பவற்றை டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், கடைசிப் படியில் டேட், டிஎம்ஒய் (நாள், மாதம், வருடம் என்ற வரிசை) என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும். மே 1 ஆனதைக் கையால் திருத்திவிடுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால் பதியத் தொடங்கும் முன்பே செட்டிங்ஸில் லொகேலை (எந்த நாட்டு வழக்கப்படி என்பதை) இந்தியா என்று மாற்றிவிடுங்கள்.

கூலி கொடுக்கும் முன் பி காலத்தின் மொத்தத்தையும் ஈ காலத்தின் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஏதோ ஒரு நாள் எந்த வாரத்திலும் சேராமல் நிற்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் பணத்தை எண்ணுவேன்.