மாதச் சாமானை மொத்தமாக வாங்கி வைக்க ஸ்டோர் ரூம் எப்படி அமைப்பது?

அலமாரித் தட்டை ஆழமாகப் போடலாம் என்று ஆசாரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 12 அங்குலம் போதும். 24 அங்குலம் போட்டால், பின்வரிசைப் பருப்பு வண்டு பிடித்த பிறகுதான் கண்ணில் படும்.

25 கிலோ அரிசிச் சிப்பத்துக்கு 35 லிட்டர் டிரம் சரியாக இருக்கும். தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். பாத்ரூம் சுவரென்றால் ஈரம் இறங்கி அடியரிசி கட்டிதட்டும்.

வண்டு பெரும்பாலும் கடையிலிருந்தே முட்டையாகத் தானியத்தோடு வந்துவிடுகிறது. வேப்பிலை, மிளகாய் வற்றலெல்லாம் ஓரளவுக்குத்தான். ரவை, மைதாவைப் பாக்கெட் பிரிக்காமல் 4 நாள் ஃப்ரீசரில் வைத்தெடுங்கள். எடுத்த கையோடு பிரிக்க வேண்டாம். குளிர் முழுக்கத் தணியாவிட்டால் மாவில் ஈரம் படியும். பழைய அரிசி மேல் மட்டும் புதுசைக் கொட்டிவிடாதீர்கள்.