பதில்: சார்ஜரைக் கழற்றினால் கரண்ட் பில் பாதியாகுமா?

ரிவி நிகழ்ச்சியில் சொன்னதை நம்பி, இரவில் எல்லா பிளக்கையும் கழற்றியும் வெள்ளவத்தை வீட்டு பில் 140 யூனிற்றிலேயே நிற்கிறது என்கிறீர்கள். நிற்கத்தான் செய்யும்.

போன் மாட்டாத சார்ஜர் அரை வாட்கூட இழுப்பது அரிது. புது ரிவி ஸ்டாண்ட்பையிலும், அதாவது ரிமோட்டில் மட்டும் அணைத்து வைத்திருக்கையிலும், ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து 3 வாட் என்றே வைப்போம். மாதத்துக்கு 2 யூனிற் சொச்சம். உங்கள் குளியலறை ஹீற்றர் 3 கிலோவாட் என்றால், மூன்று பேர் பத்துப் பத்து நிமிடம் குளித்தாலே மாதம் 45 யூனிற்! அதை அந்த நிகழ்ச்சியில் ஏன் சொல்லவில்லையோ.

மீற்றரில் மினுங்கும் சிவப்பு லைற்றைப் பாருங்கள். யூனிற்றுக்கு 1000 துடிப்பு என்று குறித்த மீற்றர் என்றால், சார்ஜர்களும் ரிவி ஸ்டாண்ட்பையும் மட்டும் இருக்கையில் அடுத்த மினுக்கத்துக்கு 20 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஹீற்றரைப் போட்டதும் நிமிடத்துக்கு 50 தரம் மினுங்கும்.

கேபிள் பெட்டியை மட்டும் சும்மா விடாதீர்கள். பழையவை சில ரிமோட்டில் அணைத்தாலும் 10 வாட் வரை தின்னும். மாதம் 7 யூனிற். அதற்குச் சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். அப்புறம், மாதம் 120 யூனிற்றைத் தாண்டினால் இலங்கையில் யூனிற் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். நீங்கள் குறைக்க வேண்டியது 20 யூனிற்தான், ஹீற்றர் நேரத்தைப் பாதியாக்கினாலே போதும். சார்ஜருக்காக அம்மாவோடு சண்டை வேண்டாம்.